பூச்சி பிடித்த சிறுவனும் பெயரில்லா ஓணானும்

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரிலே கணினி விளையாட்டைப் பற்றிக் கட்டுரை வரைவது தகுமா என ஐயுறுவார் இருத்தல் கூடும். அவ்வையம் புதியதன்று. நாவல் படித்தல் இளைஞரைக் கெடுக்கும் எனக் கூறிய பெரியோர் ஒரு காலத்தில் இருந்தனர். திரைப்படத்தைப் பல்கலைக்கழகத்தின் படிக்கட்டில் ஏற விடலாகாது என்றவர்களும் இருந்தனர். இன்று நாவலும் திரைப்படமும் ஆய்வேடுகளுக்குப் பொருளாகிவிட்டன. தொல்காப்பியரோ மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கினுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்து எண்ணினார். செல்வத்தோடும் புலனோடும் புணர்வோடும் ஒருங்கு வைத்து எண்ணப்பட்ட ஒன்றைப் பற்றி நாம் சிறிது சிந்திப்பதிற் பிழையில்லை.

யான் இங்கு எடுத்துக்கொண்டது யப்பானிய நிறுவனமொன்றின் வரலாறு. கேம் ஃபிரீக் என்பது அதன் பெயர். இப்பெயரை அறியாதாரும் அந்நிறுவனம் படைத்த போக்கிமான் என்னும் பெயரை அறிவர். மாத்தளை மாவட்டத்து ரிவர்ஸ்டன் மலையிலே மாணவர் சிலரோடு நின்ற ஒரு காலைப்பொழுதில் அவ்வரலாறு எனக்குப் புதியதொரு பொருளைத் தந்தது. அதனாலேயே இக்கட்டுரை பிறந்தது.

முதலில் வரலாற்றைக் கூறுவேன். சத்தோஷி தஜிரி 1965ஆம் ஆண்டிலே பிறந்தவர். டோக்கியோ மாநகரின் புறத்தேயுள்ள மச்சிதா என்னும் ஊரில் வளர்ந்தார். அந்நாளில் அவ்வூரில் வயலும் குளமும் சிறு காடும் இருந்தன. சிறுவன் தஜிரிக்குப் பூச்சி பிடிப்பதே முழுநேரத் தொழில். தோழர்கள் அவரைப் பூச்சி வைத்தியர் என்னும் பொருள்படப் பட்டப்பெயரிட்டு அழைத்தனர். மரப்பட்டையிலே தேன் பூசி வண்டுகளைக் கவர்தல் ஏனைச் சிறுவர்களின் முறை. தஜிரியோ மரத்தடியிலே ஒரு கல்லை வைத்துவிட்டு வீடு திரும்புவார். பகலில் உறங்குவதற்கு வண்டுகள் கல்லின் கீழ் ஒதுங்கும் என்பதை அவர் கண்டிருந்தார். காலையிற் சென்று கல்லைப் புரட்டினால் வண்டு அங்கே இருக்கும். கூர்ந்து நோக்கி அறிந்த இவ்வறிவு எப்பாடப் புத்தகத்திலும் இருந்ததன்று.

பின்னர் நகரம் பெருத்தது. குளங்கள் தூர்க்கப்பட்டன, வயல்கள் வீடுகளாயின. மீன்பிடித்த குளம் இருந்த இடத்தில் விளையாட்டு இயந்திரக் கூடம் எழுந்தது. 1978இல் வெளிவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்னும் விளையாட்டு யப்பானிய இளைஞரைப் பித்தேற்றிய காலம் அது. பூச்சிகளை இழந்த சிறுவனும் அக்கூடத்துள்ளே புகுந்தான். முன்பு வண்டினைக் கவனித்த அதே கண் இப்போது திரையைக் கவனிக்கலாயிற்று.

1983ஆம் ஆண்டிலே, பதினேழு பதினெட்டு வயதினராய், தஜிரி ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். அதற்கு இட்ட பெயரே கேம் ஃபிரீக். அது அச்சகத்தில் உருவான ஏடன்று. கையால் எழுதிப் படியெடுத்துக் கம்பியடித்துக் கட்டிய ஏடு. விளையாட்டுகளின் நுணுக்கங்களையும் இரகசியங்களையும் அது கூறியது. கென் சுகிமோரி என்னும் ஓவியர் கடையிலே அவ்வேட்டைக் கண்டு, தாமே தேடிவந்து அதற்குப் படம் வரையலானார். கையெழுத்துச் சஞ்சிகை நடத்திய அனுபவம் நம்மவர் பலருக்கு உண்டு. ஈழத்தின் எழுத்தாளர் பலர் பள்ளி நாளிலே கையெழுத்து ஏடு நடத்தியவர்களே. ஆதலின் இந்த அத்தியாயம் நமக்கு அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

சஞ்சிகை நடத்தியோர், நல்ல விளையாட்டுகள் போதிய அளவில் வெளிவரவில்லை என்று கண்டனர். குறைகூறி எழுதுவதினும் தாமே ஒன்று செய்து காட்டுதல் மேல் எனத் துணிந்தனர். திறனாய்வாளர் படைப்பாளரான கதை இது. நின்டென்டோ நிறுவனத்தின் வீட்டு விளையாட்டு இயந்திரத்தினது உள்ளமைப்பைத் தாமாகவே ஆராய்ந்து கற்றனர். குவிண்டி என்னும் முதல் விளையாட்டு உருவாயிற்று. 1989 ஏப்பிரலில் கேம் ஃபிரீக் முறையான நிறுவனமாகப் பதிவு பெற்றது. அவ்வாண்டிலேயே நாம்கோ நிறுவனம் குவிண்டியை வெளியிட்டது.

அதே 1989 ஏப்பிரலில் நின்டென்டோ தனது கேம் போய் என்னும் கையடக்க இயந்திரத்தை விற்பனைக்கு விட்டது. இரண்டு இயந்திரங்களை ஒரு கம்பியால் இணைத்து இருவர் விளையாடலாம். ஏனையோர் அக்கம்பியைப் போட்டியின் கருவியாகக் கண்டனர். தஜிரிக்கோ அக்கம்பியின் மீது ஒரு பூச்சி ஊர்ந்து ஓர் இயந்திரத்திலிருந்து மற்றதற்குச் செல்வது போன்ற தோற்றம் மனத்திலே எழுந்தது. சிறுவயதிற் பிடித்த வண்டைத் தோழனுக்குக் கொடுத்து, அவனிடமுள்ளதை வாங்கிய அனுபவம் அன்றோ அது? போக்கிமானின் கரு இதுவே.

கருவிலிருந்து பிள்ளை பிறக்க ஆறாண்டுகள் சென்றன. நிறுவனத்தின் கையில் பணம் இல்லை. ஊழியர் ஐவர் விலகிச் சென்றனர். தஜிரி தமக்குச் சம்பளம் எடுக்காது தந்தையின் ஆதரவில் வாழ்ந்தார். கிரீச்சர்ஸ் என்னும் நிறுவனம் உரிமையிற் பங்கு பெற்றுப் பொருளுதவி செய்தமையாலேயே வேலை முடிந்தது. 1996 பெப்ரவரி 27ஆம் நாள் சிவப்பு, பச்சை என்னும் இரு பதிப்புகளாக விளையாட்டு வெளிவந்தது. அப்போது கேம் போய் இயந்திரமே வழக்கொழியும் நிலையில் இருந்தது. விற்பனை மெல்லத் தொடங்கிப் பின்னர் பெருகியது. உலகெங்கும் அம்முதல் தலைமுறைப் பதிப்புகள் 3 கோடிக்கு மேல் விற்றன.

இவ்விளையாட்டின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. சட்டைப்பை அரக்கர் எனப் பொருள்படும் அவ்வுயிர்கள் 150. சிவப்புப் பதிப்பிலே சில இல்லை; பச்சைப் பதிப்பிலே வேறு சில இல்லை. தனியொருவன் எத்துணை முயன்றாலும் தொகுதியை நிறைவு செய்ய இயலாது. மற்றவனிடம் செல்ல வேண்டும். கம்பியை இணைக்க வேண்டும். கொடுத்து வாங்க வேண்டும். தொகுப்பாசையைக் கொண்டே தோழமையைக் கட்டாயமாக்கிய விளையாட்டு அது. 151ஆவது உயிர் ஒன்றும் உண்டு. மியூ என்னும் அதனை, வேலை முடியுந் தறுவாயில் மிஞ்சிய சிறு இடத்திலே, நிரலாளர் ஷிகெக்கி மொரிமொத்தோ இரகசியமாக வைத்தார். அது இருக்கிறது என்ற வதந்தியே பிள்ளைகளைத் தேட வைத்தது.

இவ்வளவும் நூல்களிலும் நேர்காணல்களிலும் கிடைக்கும் செய்தி. இனி ரிவர்ஸ்டனுக்கு வருவேன்.

மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக இலுக்கும்புறவை நோக்கிச் செல்லும் வீதி மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றது. தேயிலை முடிந்து ஏலம் தொடங்குகின்றது. ஏலம் முடிந்து காடு தொடங்குகின்றது. ஏறத்தாழ 30 கிலோமீற்றர் சென்றபின் காற்றின் ஆட்சிக்குட்பட்ட ஓரிடம் வரும். அங்கே மரங்கள் உயர்வதில்லை. ஓயாத காற்றுக்கு முதுகு கொடுத்துக் கூனி நிற்கின்றன. அதுவே ரிவர்ஸ்டன். நக்கிள்ஸ் என்று ஆங்கிலேயர் பெயரிட்ட தும்பறை மலைத்தொடரின் ஒரு பகுதி அது. மடக்கிய கையின் முட்டிகளைப் போலச் சிகரங்கள் நிற்பதாற் பெற்ற பெயர் அது. இம்மலைத்தொடரின் காடு 2000ஆம் ஆண்டிலே பேணற்காடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஓர் அங்கமாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

உச்சியிலே தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்று மஞ்சினூடே தோன்றியும் மறைந்தும் நிற்கும். அதனைக் கண்டபோது நம் நாட்டுக்கும் யப்பானியத் திரைக்கும் உள்ள உறவு நினைவுக்கு வந்தது. யப்பானிய அரசின் நன்கொடையால் அமைந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. தோட்டத்து வீடுகளிலே ஒரு பெட்டியின் முன் ஊரே கூடியிருந்த காலம் அதன் பின்னரே வந்தது. அங்கிருந்து பிள்ளைகளின் கையிலுள்ள தொலைபேசி வரை வந்த பாதை நீண்டதன்று.

எங்களோடு வந்த மாணவருள் ஒருவன் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிறந்தவன். கணினி விஞ்ஞானம் பயில்கின்றான். வழிநெடுக அவனும் தோழர்களும் போக்கிமான் பெயர்களைச் சொல்லிப் போட்டியிட்டனர். ஒருவன் நிறுத்திய இடத்தில் மற்றவன் தொடர்ந்தான். 151 பெயர்களும் வரிசை பிறழாமல் வந்தன. நிகண்டை மனனஞ் செய்த நம் முன்னோரின் நினைவாற்றல் அழிந்துவிட்டது என்று வருந்துவோர் அன்று அவர்களோடு வந்திருத்தல் வேண்டும்.

வீதியை விட்டு இறங்கிய ஒற்றையடிப் பாதையிலே, பாசி படர்ந்த ஒரு மரத்தண்டிலே, அப்பிராணி இருந்தது. ஒரு சாணளவு நீளம். உடல் பாசியின் நிறம். மூக்கின் நுனியிலே சிறு இலையொன்றை ஒட்டி வைத்தாற்போல ஓர் உறுப்பு. எம்மைக் கண்டும் ஓடவில்லை. கண்ணை மட்டும் உருட்டியது. தும்பறைத் தொடரிலன்றி உலகில் வேறெங்கும் இவ்வோணான் வாழ்வதில்லை. 1861ஆம் ஆண்டில் இதனை உலகுக்கு அறிமுகஞ் செய்த விலங்கியலார் குந்தர், இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்டின் பெயரால் இதற்கு அறிவியற் பெயரிட்டார். ஆங்கிலத்திலும் அவர் பெயரே வழங்குகின்றது. சிங்களத்திலே பெதி அங் கட்டுஸ்ஸா என்பர். இதழ் போன்ற கொம்புடைய ஓணான் என்பது அதன் பொருள். கண்டவர் கண்டவாறே இட்ட அழகிய பெயர் அது.

“உங்கள் தோட்டத்தில் இதனை எப்படிச் சொல்வார்கள், தம்பி?” என்று அம்மாணவனைக் கேட்டேன்.

“ஓணான் என்றுதான் சொல்வார்கள், சேர். எல்லாவற்றையும் ஓணான் என்றுதான் சொல்வார்கள்” என்றான்.

சற்று முன்னர் 151 பெயர்களை ஒப்புவித்தவன் அவன். சொல்லிவிட்டு அவனே மௌனமானான். யாமும் ஒன்றும் பேசவில்லை. எம் கையிலிருந்த வழிகாட்டி நூலிலும் தமிழ்ப்பெயர் இல்லை.

அவனைக் குறை கூறுதல் நேர்மையன்று. அவனுடைய முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலே இறங்கி, தம்புள்ளையூடாகக் கால்நடையாக மாத்தளைக்கு வந்தவர்கள். காட்டு வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். எஞ்சியோர் காட்டை வெட்டிக் கோப்பி நட்டனர். பின்னர் தேயிலை நட்டனர். விடியலிலிருந்து அந்திவரை கொழுந்தைப் பார்க்க வேண்டிய கண்ணுக்கு ஓணானைப் பார்க்கும் ஓய்வு யாரால் அளிக்கப்பட்டது? பெயரிடுவதற்கு நின்று நோக்கும் நேரம் வேண்டும். நிற்கும் நிலம் தனது என்ற உணர்வும் வேண்டும். இரண்டும் மறுக்கப்பட்ட மக்களிடம் பெயர்ப்பட்டியல் எங்கே எனக் கேட்டல் கொடுமை. ஆயின் அவர்களுடைய பேரன் இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கின்றான். நின்று நோக்கும் நேரம் அவனுக்குக் கிடைத்திருக்கின்றது.

இவ்விடத்திலே தமிழர் ஒருவர் படைத்த விளையாட்டினையும் கூறுதல் வேண்டும். கனடாவின் ரொறன்ரோ நகரிலே விசை கேம்ஸ் என்னும் சிறு குழு உண்டு. அபி என்பவர் அதன் வடிவமைப்பாளர். 2023 ஜூலை 31ஆம் நாள் அக்குழு வெளியிட்ட விளையாட்டின் பெயர் வெண்பா. யாப்பிலக்கணம் படித்த நமக்கு அப்பெயரே ஒரு வியப்பு. 1980களிலே தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்னும் தம்பதியரின் கதை அது. தாய் எழுதிக்கொடுத்த சமையற் குறிப்பேடு ஒன்று வெண்பாவிடம் இருக்கின்றது. அதன் பக்கங்கள் கிழிந்தும் மை கலைந்தும் போயின. விடுபட்ட படிகளை உய்த்துணர்ந்து உணவைச் சமைப்பதே ஆடுவோரின் வேலை. இட்டலித் தட்டுகளை எவ்வாறு மாற்றி அடுக்கினால் ஆவி தடையின்றி மேலேறும் என்பதைச் சிந்தித்தே கண்டறிய வேண்டும். பகையில்லை, போரில்லை. மகன் கவின் பள்ளியிலே தன்னைக் கெவின் என்று அழைக்கச் சொல்கின்றான். கதையின் பகை என்று எதையேனும் கூறுவதாயின் அந்த ஓரெழுத்து மாற்றத்தையே கூறல் வேண்டும்.

2024ஆம் ஆண்டிலே சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும் பரிசும், பிரித்தானியத் திரைப்பட தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் முதற்படைப்புக்கான விருதும் வெண்பாவுக்குக் கிடைத்தன. தமிழ் அறியாத பல்லாயிரவர் இட்டலி அவித்தனர், புட்டு அவித்தனர். நம் மொழியின் ஒரு சொல், பிற மொழியினரின் வாயிலே விளக்கக் குறிப்பின்றி வழங்கலாயிற்று. பிறநாட்டார் வணக்கஞ் செய்யும் திறமான புலமை எனில் அதற்குப் பேருரை வேண்டியதில்லை. ஒழுங்காக அவிந்த ஓர் இட்டலியும் போதும் போலும்.

தஜிரியின் குளமும் வெண்பாவின் குறிப்பேடும் எனக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன. இருவகைப் படைப்பும் இழப்பிலே பிறந்தவை. குளம் தூர்ந்தபின் குளத்தை விளையாட்டாக்கினார் ஒருவர். மை கலைந்தபின் அதனை மீட்டெடுக்கும் செயலை விளையாட்டாக்கினார் மற்றவர். ஆயின் இங்கே ஒரு கடுமையான உண்மையையும் மறைத்தலாகாது. போக்கிமான் உலகை வென்றபோதும் மச்சிதாவின் குளங்கள் திரும்பி வரவில்லை. அட்டைகளும் பொம்மைகளும் கோடிக்கணக்கில் விற்பனையாயின. அவற்றால் ஒரு வண்டேனும் மீண்டதா என்று கேட்பின் விடை கூறுதல் எளிதன்று. விளையாட்டு நினைவைக் காக்கும். நிலத்தைக் காப்பது வேறு வேலை.

வேறொரு முரணும் உண்டு. எல்லாவற்றையும் பிடி என்பது போக்கிமானின் அறைகூவல். திரையிலே அது களங்கமற்ற இன்பம். ரிவர்ஸ்டனிலோ பிடித்தல் குற்றம். இலங்கையின் அரிய ஓணான்களை வெளிநாட்டு வளர்ப்புப் பிரியர்களுக்காகக் கடத்துவோர் உண்டு. அதனாலேயே 2019இல் தும்பறையின் இலைமூக்கு ஓணானும், அம்மலைக்கே உரிய குள்ள ஓணானும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் முதலாம் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. சட்டைப்பையில் அடங்கும் உயிர் என்பது இங்கே கற்பனையன்று; கடத்தல்காரனின் கணக்கு. அக்குள்ள ஓணானுக்கு 2006ஆம் ஆண்டு வரை அறிவியலே தனியினம் என்று பெயரிட்டிருக்கவில்லை. மத்திய மலைநாட்டின் பிற பகுதிகளில் வாழும் அதன் உறவினத்தோடு சேர்த்தே எண்ணியிருந்தனர். எனவே பெயரிடும் வேலையில் நாம் மிகப் பிந்திவிட்டோம் என்று மனஞ்சோர வேண்டியதில்லை.

மலையிலிருந்து திரும்பிய பின்னர் அம்மாணவன் ஒரு திட்டத்தோடு வந்தான். தும்பறையைக் களமாகக் கொண்ட ஒரு தமிழ் விளையாட்டைத் தன் இறுதியாண்டு வேலையாகச் செய்ய விரும்பினான். அதிலே எதையும் பிடிக்க இயலாது. அசையாமல் நிற்க வேண்டும். எத்துணை நேரம் அமைதியாக நிற்கின்றோமோ அத்துணைக்கு உயிர்கள் வெளிப்படும். கண்டதை வருணித்துத் தமிழிலே ஒரு பெயரிட வேண்டும். மற்றவன் அதே உயிருக்கு இட்ட பெயரோடு அதை ஒப்பிட்டு, இருவரும் இணங்கினால் அப்பெயர் ஏட்டிலே நிலைக்கும். தஜிரி கண்ட கம்பியின் இடத்திலே இவன் ஓர் உரையாடலை வைத்திருந்தான்.

துறைசார்ந்த நண்பர் ஒருவர் இதனைக் கேட்டு நகைத்தார். யப்பானில் நாம்கோ இருந்தது, நின்டென்டோ இருந்தது. இங்கே யார் இருக்கின்றார் என்றார். அவர் கூற்றிலே உண்மை உண்டு. பதிப்பிக்க ஒருவரும் பொறுத்திருக்க ஒருவரும் இன்றேல் எக்கலையும் வளராது. ஆறாண்டு சம்பளமின்றி இருத்தலை இளைஞனுக்கு அறமாக உபதேசித்தல் எம்போன்றோருக்கு எளிது. தோட்டத்துத் தாயொருத்தி அம்மாதச் செலவுக்கு அவனை எதிர்பார்த்திருப்பாள். ஆயின் கேம் ஃபிரீக் வரலாற்றின் தொடக்கத்தில் நாம்கோவும் இல்லை, நின்டென்டோவும் இல்லை. கம்பியடித்துக் கட்டிய ஓர் ஏடுதான் இருந்தது. அந்த ஏட்டை நடத்தும் ஆற்றல் எந்தப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்துக்கும் உண்டு.

ஆதலின் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். விளையாட்டு முடிவுறுமோ முடிவுறாதோ, அதற்கு முந்திய வேலை ஒன்று உண்டு. மலைநாட்டின் உயிர்களுக்கும் செடிகளுக்கும் தோட்டங்களிலே வழங்கும் பெயர்கள் யாவை என்று முதியோரிடம் கேட்டு எழுதுதல் வேண்டும். இருக்கும் பெயரைத் திரட்டுவோம். இல்லாதவற்றுக்குச் சிங்கள வழக்கையும் நோக்கி, கண்டு தெளிந்து பெயரிடுவோம். விலங்கியல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே ஏட்டிலே கையெழுத்திடும் வேலை இது. மச்சிதாவிற் குளம் போன பின்னரே அதற்கொரு நினைவேடு உண்டாயிற்று. தும்பறை இன்னும் நிற்கின்றது.

அம்மாணவன் இதற்கெனக் கொப்பியொன்றைத் தொடங்கிவிட்டான். இதுவரை அதிலே பதினேழு பெயர்கள் உள்ளன. பன்னிரண்டு அவனுடைய பாட்டி சொன்னவை. இலைமூக்கு ஓணானுக்குரிய வரியை அவன் இன்னும் வெறுமையாகவே வைத்திருக்கின்றான்.